ஹெர்ஷி கண்காட்சியில் கேரவன் வாங்குதல்: விலை அட்டையும் எடை லேபிளும்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால், படப்பிடிப்புத் தளத்துக்கு வெளியே ஜெனரேட்டர் இரைச்சலோடு நடிகர்களுக்காகக் காத்து நிற்கும் குளிரூட்டிய வண்டிதான் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். ரிக்ரியேஷனல் வெஹிக்கிள் என்பதை அமெரிக்கர்கள் ஆர்.வி. என்று சுருக்கி அழைக்கும் வண்டி வேறொரு வாழ்க்கையைச் சேர்ந்தது. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு, தேசியப் பூங்காக்களிலும் ஏரிக்கரை முகாம்களிலும் வார இறுதிகளையும், சிலர் தம் ஓய்வுக்காலம் முழுவதையுமேகூட, கழிப்பதற்கான வீடு அது. தன் எஞ்சினில் தானே ஓடும் மோட்டார்ஹோம் ஒரு வகை. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் மற்றொரு வகை. தயாராகும் வண்டிகளில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டவை இழுவை வகையைச் சேர்ந்தவை என்பதால், இக்கட்டுரையும் பெரும்பாலும் டிரெய்லரைப் பற்றியே பேசுகிறது.

வாங்க நினைப்போரில் பலர் முதலில் ஒரு கண்காட்சிக்குத்தான் போகிறார்கள். ஜனவரியில் புளோரிடாவின் டாம்பாவில் நடப்பதும், கோடை முடியும் தறுவாயில் ஜெர்மனியின் டியூசல்டோர்ஃபில் நடப்பதும் பெயர் பெற்றவை. நான் இங்கே எடுத்துக்கொள்வது, ஆண்டுதோறும் செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில், அம்மாநில ஆர்.வி. மற்றும் முகாம் சங்கம் நடத்தும் கண்காட்சி. தெருவிளக்குகள்கூட சாக்லேட் வடிவில் நிற்கும் ஊர் அது. நியூ ஜெர்சியிலும் பிலடெல்பியாவைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளை அங்குள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு ஒருமுறையாவது அழைத்துச் சென்றிருக்கும். அந்தப் பூங்காவை அடுத்துள்ள ஜயண்ட் சென்டர் என்னும் ஐஸ் ஹாக்கி அரங்கின் வாகன நிறுத்தத் திடல்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வரிசை வரிசையாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அரங்கினுள் உதிரிப் பொருள் விற்போரும் முகாம் நடத்துவோரும் கடை விரித்திருப்பார்கள். தொழில்துறையினருக்கான நாள்கள் முடிந்ததும், புதன் முதல் ஞாயிறு வரை பொதுமக்கள் உள்ளே வரலாம்.

அங்கே ஒவ்வொரு வண்டியின் வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். பெரிய எண்ணில் ஒரு விலை, அதன் குறுக்கே ஒரு கோடு, கீழே சிவப்பு எண்ணில் கண்காட்சிச் சலுகை விலை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு உண்மையான தள்ளுபடியா என்பதுதான் வருவோர் அனைவருடைய முதல் கேள்வி. கார்களின் கண்ணாடியில் உற்பத்தியாளரின் விலைப்பட்டியலை ஒட்டுவதைக் கட்டாயமாக்கிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் இழுவை டிரெய்லர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே கோடு போடப்பட்ட எண், குறைத்துக் காட்டுவதற்காகவே உயர்த்தி வைக்கப்பட்ட எண்ணாக இருப்பது இத்துறையில் வழக்கம். அதிலிருந்து கால் பங்கோ அதற்கும் மேலோ குறைத்து விற்பது சாதாரண நாளில் சாதாரணக் கடையிலும் நடப்பதுதான்.

அதற்காக, கண்காட்சி விலையெல்லாம் வெறும் கண்கட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. டீலர் தம் முற்றத்தில் நிற்கும் வண்டிகளைப் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருக்கிறார். வண்டி நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது, ஓராண்டு கடந்தால் அசலிலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லிக் கடன் கொடுத்த நிறுவனம் நெருக்கும். அடுத்த ஆண்டின் மாதிரிகள் கோடையிலேயே வந்து இறங்கிவிடுவதால், செப்டம்பரில் ஒரே முற்றத்தில் பழைய ஆண்டு வண்டியும் புதிய ஆண்டு வண்டியும் அருகருகே நிற்கும். குளிர்காலம் தொடங்கினால் வடகிழக்கு மாநிலங்களில் வாங்குவோர் குறைந்துவிடுவார்கள். பழையதை விற்றுத் தீர்க்க வேண்டிய அவசரம் டீலருக்கு மெய்யாகவே இருக்கும் காலம் அது. இதோடு பெருந்தொற்றுக் காலத்தின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விமானத்திலும் விடுதியிலும் கால் வைக்க அஞ்சிய மக்கள் 2021இல் ஆர்.வி.க்களை அள்ளிச் சென்றதால், அவ்வாண்டு தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியேறின. 2023இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3,13,000 ஆகச் சுருங்கியது. பேரம் பேசுவோருக்கு அந்த வீழ்ச்சி சாதகமாக அமைந்தது. 2021, 2022 ஆண்டுகளில் அவசரமாகக் கட்டப்பட்ட வண்டிகளைப் பழைய வண்டியாக வாங்குவோர் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆர்.வி.க்களில் மிகப் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில், அதுவும் எல்க்ஹார்ட் நகரைச் சுற்றியுள்ள சில மாவட்டங்களில் உருவாகிறது. நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினரான, மரவேலையில் கைதேர்ந்த ஆமிஷ் சமூகத்தார் பலர் அங்கே தொழிலாளர்கள். அத்தொழிற்சாலைகள் பலவற்றில் மணிக் கணக்கில் கூலி கிடையாது. எத்தனை வண்டி முடித்தார்கள் என்பதே கணக்கு. அன்றைய எண்ணிக்கையை முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற ஏற்பாட்டில், ஒரு திருகாணி சரியாக இறங்காவிட்டால் அதைக் கழற்றி மீண்டும் போடுவதற்குத் தூண்டுதல் குறைவு. ஆட்களைக் குறை சொல்லி இதில் பயனில்லை, அமைப்பே அப்படி.

திடலில் நூறு பெயர்ப்பலகைகளைக் காண்பவருக்கு நூறு நிறுவனங்கள் போட்டியிடுவதாகத் தோன்றும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மூன்று குழுமங்களுக்குள் அடங்கிவிடும். ஏர்ஸ்ட்ரீம், ஜேகோ, கீஸ்டோன் முதலியன தோர் இண்டஸ்ட்ரீஸைச் சேர்ந்தவை. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வேயிடம் இருக்கிறது. கிராண்ட் டிசைனையும் நியூமாரையும் வின்னபேகோ வாங்கிவிட்டது. வண்டியின் அடிச்சட்டமும் அச்சும் பல பெயர்களுக்கு ஒரே லிப்பர்ட் நிறுவனத்திலிருந்து வருகின்றன. குளிர்பதனப் பெட்டியும் ஹீட்டரும் அதேபோல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமிருந்தே வருகின்றன. ஆகவே "எங்கள் அடிச்சட்டம் தனி" என்று ஒரு விற்பனையாளர் உறுதியாகச் சொன்னால், குனிந்து அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துப் பார்ப்பது நல்லது. குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கண்காட்சி எதற்குச் சிறந்தது என்றால், உள்ளமைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு. ஒரே நாளில் நாற்பது வண்டிகளில் ஏறி இறங்க வேறெங்கும் முடியாது. படத்தில் விசாலமாகத் தெரிந்த படுக்கையறையில் கட்டிலின் மறுபக்கம் போக ஒருக்களித்து நடக்க வேண்டியிருப்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். வெட்கப்படாமல் படுக்கையில் படுத்துப் பார்க்க வேண்டும். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளியலறையில் நின்று கைகளை உயர்த்திப் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பயனுள்ள சோதனை ஒன்றுண்டு. பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதிகளை, அதாவது ஸ்லைடுகளை, உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு வண்டிக்குள் நடந்து பார்ப்பது. கண்காட்சியில் எல்லா ஸ்லைடுகளும் நீட்டப்பட்ட நிலையிலேயே இருக்கும். நெடுஞ்சாலையில் மதிய உணவுக்காக ஓரம் கட்டும்போது அவை மூடியிருக்கும். அப்போது குளிர்பதனப் பெட்டியைத் திறக்க முடியுமா, குழந்தை கழிவறைக்குப் போக வழியிருக்கிறதா என்பது, சோபாவின் நிறத்தைவிட முக்கியமான கேள்வி. கூட்ட நேரத்தில் இதற்கு ஒப்பமாட்டார்கள். வாரநாள் காலையில் கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள்.

மழை பெய்யும் நாளில் கண்காட்சிக்குப் போக நேர்ந்தால் அதை நல்வாய்ப்பாகவே கொள்ளலாம். இவ்வண்டிகளின் முதல் எதிரி தண்ணீர். கூரையின் ரப்பர் விரிப்பு ஓரங்களிலும், காற்றுப் போக்கியைச் சுற்றியும், ஸ்லைடுகளின் மூலைகளிலும் பூசியிருக்கும் அடைப்புப் பசை வெடித்தால், சுவருக்குள் நீர் இறங்கி, வெளியே தெரியும்போது உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும். கூரையில் ஏறிப் பார்க்க அங்கே விடமாட்டார்கள், ஆனால் உள்ளே அலமாரிகளின் மேல் மூலைகளைக் கையால் தடவிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை.

இனி எடை. விலை அட்டையைப் படிக்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேர்கூட எடை லேபிளைப் படிப்பதில்லை. டிரெய்லர் எதுவானாலும் அதன் நுழைவாசலருகே, ஏற்றும் பொருள்களின் எடை எவ்வளவைத் தாண்டக் கூடாது என்று ஒரு லேபிள் சொல்லும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அந்த நீர் எவ்வளவு எடை இருக்கும் என்பதையும் அதுவே சொல்லும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் மொத்த எடை உச்சவரம்பு 7,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,450 கிலோ என்றும், தொழிற்சாலையிலிருந்து வெளியேறும்போது அதன் எடை 6,300 பவுண்டு என்றும் கொள்வோம். மீதி 1,300 பவுண்டு. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்கு மேல் இருக்கும். 45 காலன் தொட்டியை நிரப்பினாலே 375 பவுண்டு போய்விடும். எஞ்சுவது 925. டீலர் பின்னர் பொருத்தித் தரும் இரண்டாவது பேட்டரி, கூடுதல் குளிரூட்டி, சூரியத் தகடு ஆகியவை இதற்குள்தான் அடங்க வேண்டும்; பாத்திரம், துணி, நாற்காலி, மிதிவண்டி, அரிசி மூட்டை, நம் வீட்டார் விட்டுவிட்டு வர மனமில்லாத கிரைண்டர் எல்லாமும் இதற்குள்தான்.

இழுக்கும் வண்டியின் கணக்கு இதைவிடக் கடுமையானது. "இந்த பிக்கப் 10,000 பவுண்டு வரை இழுக்கும்" என்று விளம்பரமும் சொல்லும், கண்காட்சியில் விற்பனையாளரும் சொல்லுவார். அந்த எண் பொய்யன்று. ஆனால் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறனன்று, சுமைத் திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிள், ஆள்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை வரலாம் என்று கூறும். வழக்கமாக அரை டன் என்று பெயர் சொல்லப்படும் பிக்கப் ஒன்றில் அது 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அதன் முன்முனை வழியாக பிக்கப்பின் மேல் இறங்கியாக வேண்டும். குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். 7,600 பவுண்டில் பன்னிரண்டு விழுக்காடு 912. இணைப்புக் கருவி ஏறத்தாழ 90. ஆக ஆயிரம் பவுண்டு போயிற்று, மீதி ஐந்நூறு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வரின் எடை எளிதாக அறுநூறைத் தொடும். ஐஸ் பெட்டியை வைப்பதற்கு முன்னரே வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது. இழுவைத் திறனிலோ இன்னும் 2,400 பவுண்டு மிச்சம் இருக்கிறது. விளம்பர ஏட்டில் அச்சிட்டிருக்கும் முன்முனை எடை, வெறும் வண்டியின் எடையைக் கொண்டு கணக்கிட்டது என்பதால் அதை நம்பி இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

பிக்கப்பின் கதவு லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு திடலுக்குள் நுழைவது, ஒரு நாள் முழுதும் அலைவதைப் பாதியாகக் குறைக்கும். பிக்கப் இன்னும் வாங்கவில்லை என்றால், டிரெய்லரை முடிவு செய்த பிறகே அதை வாங்க வேண்டும். வரிசையை மாற்றியவர்கள் ஓராண்டுக்குள் இரண்டாவது பிக்கப் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

மின்சாரத்துக்கும் இத்தகைய ஓர் எல்லை உண்டு. சிறிய, நடுத்தர டிரெய்லர்கள் பலவும் 30 ஆம்பியர் இணைப்பு கொண்டவை. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். குளிரூட்டி ஓடும்போது மைக்ரோவேவையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு மின்கம்பிகள் தனித்தனியே 50 ஆம்பியர் தருவதால் மொத்தம் 12,000 வாட் கிடைக்கும். எண்ணைப் பார்த்தால் இரு மடங்குகூட இல்லை, கிடைப்பதோ மூன்று மடங்குக்கும் மேல்.

கதவருகே ஆர்.வி. தொழில் சங்கத்தின் முத்திரை ஒன்றும் ஒட்டியிருக்கும். மின்சாரம், குழாய், எரிவாயு, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கான விதிகளின்படி வண்டி கட்டப்பட்டதாக உற்பத்தியாளர் அளிக்கும் உறுதி அது. அலமாரிக் கதவு நேராக இருக்கிறதா, கூரைப் பசை ஒழுங்காகப் பூசப்பட்டதா என்பதைப் பற்றி அம்முத்திரை எதுவும் சொல்வதில்லை. கார் வாங்குவோர்க்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பும் இங்கே மெலிந்துவிடுகிறது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை உற்பத்தியாளரே திரும்பப் பெற வழிசெய்யும் பென்சில்வேனியாச் சட்டம் மோட்டார்ஹோமை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. எஞ்சின் இல்லாத டிரெய்லர் அதன் வரையறைக்குள் வருவதே இல்லை. விற்பனையாளரின் நிலையான கடைக்கு வெளியே வாங்கிய பொருளை மூன்று நாள்களுக்குள் ரத்து செய்யலாம் என்னும் கூட்டரசு விதி நினைவுக்கு வரலாம். வேறெங்காவது நிரந்தரக் கடை வைத்திருக்கும் வாகன விற்பனையாளர், தற்காலிக இடத்தில் விற்கும் வாகனத்துக்கு அவ்விதி பொருந்தாது. கண்காட்சித் திடல் அத்தகைய இடம்தான்.

வாங்குபவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது வண்டியை மட்டுமா, டீலரையும் சேர்த்தா என்ற கேள்வியைக் கண்காட்சி மறைத்துவிடுகிறது. திடலில் ஒரே உற்பத்தியாளரின் வண்டிகளுக்கு நடுவே பல ஊர்களின் டீலர்கள் நிற்பார்கள். உங்களை முதலில் வரவேற்பவரின் கடை நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கலாம். கார் என்றால் எங்கே வாங்கினாலும் வீட்டருகே உள்ள டீலரிடம் உத்தரவாதப் பழுதுபார்ப்புக்கு விட்டுவிடலாம். ஆர்.வி. துறையில், தம்மிடம் வாங்காதவரின் வண்டியைப் பல டீலர்கள் வரிசையின் கடைசியில்தான் வைப்பார்கள். சிலர் ஏற்கவே மாட்டார்கள். உற்பத்தியாளர் உத்தரவாத வேலைக்குத் தரும் கூலி குறைவு, அதற்கான அனுமதிக் கடிதப் போக்குவரத்து அதிகம் என்பது அவர்கள் தரப்பு. அதிலும் நியாயம் இருக்கிறது. போதாக்குறைக்கு, குளிர்பதனப் பெட்டிக்கு ஒரு நிறுவனம், ஹீட்டருக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என உத்தரவாதம் சிதறிக் கிடக்கிறது. பெரும்பாலான டிரெய்லர்களுக்கு ஓராண்டே உத்தரவாதம். மே மாதம் பழுதுக்கு விட்ட வண்டி, ஓர் உதிரிப் பாகத்துக்காகக் காத்துக் காத்து, முகாம் பருவம் முழுதும் டீலரின் முற்றத்திலேயே நின்றுவிட்டால், அந்த ஓராண்டில் பாதி கழிந்துவிடும். ஆகவே இரண்டாயிரம் டாலர் குறைவாகத் தரும் தொலைதூர டீலரைவிட, சற்றே அதிகம் கேட்கும் அருகிலுள்ள டீலரே மலிவு என்பது என் கணிப்பு. கண்காட்சிக்குப் போவதற்கு முன் ஒரு வாரநாளில் அந்த டீலரின் பணிமனை மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து, பழுதுக்கு வந்தவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கடன் மேசையில் பேச்சு மாதத் தவணையைப் பற்றியே சுழலும். 60,000 டாலர் கடனை 8 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் ஏறத்தாழ 573 டாலர். மொத்த வட்டி 43,000 டாலருக்குச் சற்று மேல். அதையே 20 ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை 502 ஆகக் குறையும், வட்டியோ 60,000 டாலரைத் தாண்டி அசலையே விஞ்சிவிடும். பதினைந்து ஆண்டுக் கடனில் ஐந்து ஆண்டு கட்டி முடித்த நாளில்கூட இன்னும் 47,000 டாலருக்கு மேல் பாக்கி இருக்கும். அதற்குள் வண்டியின் சந்தை விலை 30,000 டாலராக இறங்கியிருந்தால், அதை விற்பவர் கையிலிருந்து 17,000 டாலர் போட்டுக் கடனை அடைக்க வேண்டும். இந்த மேசையில் கேட்க வேண்டியது ஒரே எண்: வரி, பதிவு, வண்டியைக் கொண்டுவந்த சரக்குக் கட்டணம், ஒப்படைப்புக்குத் தயார்செய்யும் கட்டணம், ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து வண்டி வாசலைத் தாண்ட மொத்தம் எவ்வளவு. அதை எழுதி வாங்கிக்கொண்டு நகர்ந்து, மதிய உணவு சாப்பிட்டுவிட்டு வரலாம்.

முன்பணம் கொடுப்பதானால், அது திரும்பக் கிடைக்கும் என்பதும், வண்டியைச் சோதித்து ஏற்ற பிறகே மீதி தரப்படும் என்பதும் தாளில் இருக்க வேண்டும். திடலில் பார்த்த அதே வண்டி வருகிறதா, அதே மாதிரியில் வேறொன்றா என்பதும் எழுதப்பட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கி, அலமாரிகளை இழுத்து மூடிய காட்சி வண்டி புத்தம் புதியதன்று. வண்டி அடையாள எண் கிடைத்ததும், பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் பட்டியலில் பார்த்துவிடலாம். டீலரைச் சாராத, சான்று பெற்ற ஆய்வாளர் ஒருவரைச் சில நூறு டாலருக்கு அமர்த்திக்கொள்ளவும் முடியும். இதற்கு மறுக்கும் டீலர்களும் உண்டு. அவர்களிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஒப்படைப்பு நாளில் அவசரமாகச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பாமல், முழு நாளையும் அதற்கென ஒதுக்க வேண்டும். தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் திறந்து, கழுவு தொட்டியின் அடியில் கைவிட்டு ஈரம் பார்த்து, ஹீட்டரையும் குளிரூட்டியையும் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டு, குளிர்பதனப் பெட்டி உண்மையில் குளிர்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி குளிரச் சில மணி நேரம் ஆகும் என்பதால் முந்தைய இரவே அதை இயக்கி வைக்கும்படி டீலரிடம் சொல்லியிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். "புது" வண்டியில் இரண்டு வயதான டயர் இருப்பது இங்கேதான் தெரியவரும். பிறகும் நேரே மலைப்பகுதிக்குப் புறப்படாமல், டீலரின் கடையிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு முகாமில் முதல் இரண்டு இரவுகளைத் தங்கிக் கழிப்பது அனுபவசாலிகளின் பழக்கம். முதல் இரவில் ஒழுகும் குழாயும், திறக்க மறுக்கும் கதவும், எரியாத பர்னரும் ஒரு தாளில் ஏறும். திங்கட்கிழமை காலை பணிமனை திறக்கும்போது அந்தத் தாளோடு வண்டியை வாசலில் நிறுத்திவிடலாம்.